ரயில் ஓட்டப் போகிறவனுக்கு ராத்திரி லென்ஸா?

எங்கள் வட்டாரத்து மாத இதழ் ஒன்றில் வந்த கட்டுரை திருவானைக்காவலிலும் ஸ்ரீரங்கத்திலும் கைமாறிக் கைமாறிப் படிக்கப்படுகிறது. அசிஸ்டென்ட் லோகோ பைலட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் அதைக் கத்தரித்தே வைத்திருக்கிறார்கள். கட்டுரையாளரின் வாதம் இதுதான்: கிட்டப்பார்வை உள்ள பையன் ராத்திரி ஒரு கெட்டி லென்ஸைப் போட்டுக்கொண்டு தூங்கினால் போதும், காலையில் கழற்றியதும் கண்ணாடி இல்லாமலே 6/6 தெரியும். லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களை அந்த வேலைக்கு ரயில்வே எடுப்பதில்லை; இதிலோ கத்தி இல்லை, தழும்பு இல்லை, மெடிக்கலில் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. பார்வை நிஜமாகவே 6/6 ஆகிவிடுவதால் மோசடி என்ற பேச்சுக்கும் இடமில்லை. பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, குழாயில் ஒரு தரம் அலசி டப்பாவில் போட்டால் ஆயிற்று. முத்தாய்ப்பாக, சர் சி.வி. ராமன் பிறந்த ஊர்க்காரர்கள் ஒளி விஞ்ஞானத்தைக் கண்டு தயங்கலாமா என்று ஒரு கேள்வி.

கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது என் தொழில். ஆர்த்தோ-கே என்று சொல்லப்படும் இந்த லென்ஸையும் பொருத்துகிறேன். அதனால்தான் அந்தக் கட்டுரையை விட்டுவிட முடியவில்லை. அவர் சொன்னவற்றில் ஒன்று உண்மை: காலையில் எழுந்ததும் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் 6/6 வரியைப் பலர் படித்துவிடுவார்கள். அந்த உண்மையின் மேல் அவர் கட்டியிருக்கும் வாதம் பொய். அதுவும் பின்னால் இருபது பெட்டி நிறைய ஜனங்களை உட்கார வைத்துக்கொண்டு சொல்கிற பொய்.

லென்ஸ் என்ன செய்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. கண் நரம்புக்கு ஓய்வு கொடுத்து வலுவூட்டுகிறதாம். நரம்புக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கருவிழியின் மேல்தோல் மொத்தமே 50 மைக்ரான் அளவுக் கனம்தான். நடுவில் தட்டையாகவும் அதைச் சுற்றி ஒரு வளையத்தில் குழிவாகவும் கடைந்த லென்ஸை இமைக்கு அடியில் வைத்துத் தூங்கும்போது, கண்ணீர்ப் படலத்தின் அழுத்தத்தில் அந்தத் தோல் நடுவில் மெலிகிறது, சுற்றிலும் தடிக்கிறது. நடு தட்டையாவதால் ஒளி கொஞ்சம் பின்னே போய்க் குவிகிறது. பவர் குறைந்தது போலத் தெரிகிறது. கண்ணுருண்டையின் நீளமோ, இழுபட்டு மெலிந்த விழித்திரையோ ஒரு இழைகூட மாறுவதில்லை. மைனஸ் 4 கண் மைனஸ் 4 கண்ணாகவே இருக்கிறது. மேலே ஒரு தற்காலிக வளைவு மட்டும் அச்சாகியிருக்கிறது.

இந்த யோசனை புதிதும் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஜெஸ்ஸன் 1962-லேயே தட்டையான கெட்டி லென்ஸ் வைத்துப் பவரைக் குறைக்கலாம் என்றார். பல ஆண்டுகள் அது கைகூடவில்லை. லென்ஸ் நடுவில் நிற்காமல் நழுவியது, பவர் குறைந்ததும் சொற்பம். 1989 வாக்கில் குழிவு வளையம் வைத்த வடிவம் வந்தது. ஆக்சிஜனைத் தாராளமாக உள்ளே விடும் பொருள்கள் வந்தபின் தூக்கத்தில் அணிய முடிந்தது. 2002-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. மைனஸ் 6 வரை இரவில் அணிய அனுமதி கொடுத்தது. இதையெல்லாம் சாதனை என்றே நானும் சொல்வேன்.

இனி கட்டுரையாளர் தொடவே தொடாத இடத்துக்கு வருகிறேன். அந்த மேல்தோல் எத்தனை மெலியலாம் என்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது: ஏறத்தாழ 20 மைக்ரான். அதற்கு மேல் மெலிய அது இடம் கொடாது. லேசர் சிகிச்சைக்காக மன்னர்லின் என்பவர் 1988-ல் கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. திருத்தப்படும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தைப் பவரால் பெருக்கி மூன்றால் வகுத்தால், எத்தனை மைக்ரான் ஆழம் வேண்டும் என்று கிடைக்கும். ஆழம் 20 என்று வைத்துக்கொண்டு திருப்பிப் போட்டுப் பாருங்கள். மைனஸ் 2 உள்ளவருக்கு 5.5 மில்லிமீட்டர் வட்டம் கிடைக்கும். மைனஸ் 4 உள்ளவருக்கு 4 மில்லிமீட்டர்கூடத் தேறாது. பவர் ஏற ஏற, தெளிவாகத் தெரிகிற ஜன்னல் சுருங்குகிறது.

பகலில் இதனால் பாதகமில்லை. வெளிச்சத்தில் கண்மணி 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். ஒளி முழுக்க அந்த ஜன்னலுக்குள்ளேயே நுழைந்துவிடும். இருபது வயதுப் பையனுக்கு இருட்டில் கண்மணி 6, 7 மில்லிமீட்டர் வரை விரியும். 6 என்றே வைத்துக்கொண்டாலும் மைனஸ் 4 கண்ணில் திருத்தப்பட்ட வட்டம் அந்தப் பரப்பில் 42 விழுக்காடு. மிச்சத்தின் வழியாக நுழையும் ஒளி, தடித்த வளையத்தில் பட்டு வேறெங்கோ குவிகிறது. கண்மணியின் விளிம்பில் வரும் ஒளியைக் கண் அவ்வளவாகப் பொருட்படுத்தாதே என்று விவரம் தெரிந்த ஒருவர் கேட்கலாம். பகல் பார்வைக்கான கூம்புச் செல்களுக்கு அது பொருந்தும். இருட்டில் வேலை செய்யும் கோல் செல்களுக்கு அந்தத் தயவு பெரிதாகக் கிடையாது.

விளைவு என்ன என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். கருவிழியின் மேடு பள்ளத்தை வண்ணத்தில் காட்டும் டோப்போகிராஃபி படத்தில், நடுவில் ஒரு நீல வட்டம், அதைச் சுற்றிச் சிவப்பு வளையம். வட்டம் கண்மணிக்கு நேராக உட்கார்ந்திருந்தால் நல்லது. தூக்கத்தில் லென்ஸ் அரை மில்லிமீட்டர் ஒதுங்கியிருந்தால் வட்டமும் ஒதுங்கியிருக்கும். அப்படி ஒதுங்கிய கண்ணோடு வந்த ஒரு தேர்வுக்காரத் தம்பியிடம் பகல் வெளிச்சத்தில் பலகையைக் காட்டினேன். தடுமாறாமல் 6/6 வரியைப் படித்தார். விளக்கைத் தணித்துவிட்டு, கறுப்புக்குப் பதில் வெளிர்ச்சாம்பல் நிறத்தில் அச்சிட்ட பலகையை மாட்டினேன். பெரிய எழுத்துகளிலேயே தடுமாறினார். சிறு டார்ச் ஒன்றை அறையின் மறுகோடியில் பிடித்தபோது, விளக்கைச் சுற்றி ஒரு வளையமும் ஒரு பக்கமாக இழுத்த வாலும் தெரிவதாகச் சொன்னார். திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் சன்னதியில் ஒன்பது துளைச் சாளரம் வழியாகப் பார்க்கும்போதும் உள்ளே இருக்கும் தீபம் அப்படித்தான் கலங்கித் தெரிகிறது என்றார். கோயில் இருட்டால் அப்படி என்று நினைத்திருந்தாராம்.

இதற்கு ஒளியியலில் பெயர் உண்டு. கண்ணாடி போட்டுத் திருத்த முடிந்த பிழைகளுக்கு அப்பால் உள்ள இவற்றை உயர்நிலைப் பிறழ்ச்சிகள் என்பார்கள். வளையத்துக்குக் காரணம் கோளப் பிறழ்ச்சி, வாலுக்குக் காரணம் கோமா. இரவு லென்ஸ் அணிந்த கண்களில் இந்தப் பிறழ்ச்சிகள் இரண்டரை மடங்கு அளவுக்குக் கூடியிருப்பதை 2003-லேயே அமெரிக்காவில் ஜோஸ்லினும் குழுவினரும் அளந்து காட்டினார்கள். 2005-ல் பெர்ன்ட்சன் குழு, கறுப்பு வெள்ளைப் பலகையில் பார்வை குறையாமல் இருக்க, வெளிறிய எழுத்துகளைப் படிக்கும் திறன் மட்டும் விரிந்த கண்மணியில் குறைவதைக் காட்டியது. ஜப்பானில் ஹிராவோகா குழுவினர், பிறழ்ச்சி கூடக் கூட மங்கலானதையும் பின்னணியையும் பிரித்தறியும் திறன் குறைகிறது என்று காட்டினார்கள். இவை யாரோ லென்ஸுக்கு எதிராகக் கிளப்பிய புரளிகள் அல்ல. லென்ஸை ஆராய்ந்தவர்கள், பொருத்துகிறவர்கள் கண்டு சொன்னவை. கட்டுரையாளர் இவற்றில் ஒன்றையாவது படித்திருந்தால், பார்வை நிஜமாகவே 6/6 ஆகிவிடுகிறது என்று எழுதக் கை வந்திருக்காது.

நெதர்லாந்து மருத்துவர் ஸ்னெல்லன் 1862-ல் அந்தப் பலகையை வகுத்தார். ஆறு மீட்டர் தொலைவில், வெள்ளைப் பின்னணியில், நல்ல வெளிச்சத்தில், 9 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்து தெரிகிறதா என்று மட்டும் அது கேட்கும். மார்கழிப் பனியில் கொள்ளிடம் பாலத்தின் மேல் அதிகாலையில் சிக்னல் தெரிகிறதா, தண்டவாளத்தில் நிற்கும் கறுத்த மாடு தெரிகிறதா என்று அது கேட்பதில்லை.

ராமனை இழுத்திருக்கிறாரே, அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். 1888 நவம்பர் 7-ல் திருவானைக்காவலில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தவர் ராமன். அந்தப் பெருமை நம் எல்லோருக்கும் உண்டு. அவர் 1919-ல் லண்டன் ஃபிலசாஃபிகல் மேகசினில் எழுதிய ஒரு கட்டுரையின் பொருள் என்ன தெரியுமா? கண்ணின் ஊடகங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பது. இருட்டில் ஒரு சின்ன பிரகாசமான விளக்கைப் பார்க்கும்போது அதைச் சுற்றித் தெரியும் ஒளிக்கீற்றுகள் விளக்கில் இல்லை, பார்க்கிற கண்ணுக்குள் உண்டாகின்றன என்று ஆராய்ந்தவர் அவர். நோபல் பரிசெல்லாம் வந்து பல காலம் கழித்து, முதுமையில் மறுபடியும் பார்வைக்கே திரும்பி, 1968-ல் பார்வையின் இயக்கம் பற்றித் தனிப் புத்தகமே போட்டார். விளக்கைச் சுற்றிய ஒளிவட்டத்தை அந்த அளவுக்கு மதித்து ஆராய்ந்த மனிதரின் பெயரைச் சொல்லி, கண்ணில் எழும் இன்னொரு ஒளிவட்டத்தைப் பொருட்படுத்தாதே என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

ரயில்வே விஷயத்துக்கு வருவோம். லோகோ பைலட் வேலையில் சேர ஏ-1 என்ற மருத்துவத் தகுதி வேண்டும். இரண்டு கண்ணிலும் கண்ணாடி இல்லாமல் 6/6. அதோடு நிறப் பார்வை, இரு கண் ஒருங்கு பார்வை, பார்வைப் பரப்பு, இரவுப் பார்வை ஆகியவற்றிலும் தேற வேண்டும். இரவுப் பார்வை என்ற சொல்லைக் கட்டுரையாளர் தான் கொடுத்த தகுதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். கவனக்குறைவு என்று இதை மன்னிக்க நான் தயாராக இல்லை. அவருடைய வாதம் உடைகிற இடம் அதுதான், அதைத்தான் அவர் மறைத்திருக்கிறார்.

எவராலும் கண்டுபிடிக்க முடியாது என்பது அடுத்த பொய். டோப்போகிராஃபி எடுக்க ஒரு நிமிடம் ஆகாது. நடு தட்டையான அந்தப் படம், மைனஸ் பவருக்கு லேசிக் செய்த கண்ணின் படத்தைப் போலவே இருக்கும். லேசிக் செய்தவர்களை விலக்குவதற்காகப் பார்க்கும் மருத்துவர் அதைப் பார்த்தால் என்ன முடிவுக்கு வருவார்? கத்தியே படாத கண்ணோடு பையன் லேசிக் கேஸாக வெளியே அனுப்பப்படுவான். மெடிக்கலில் தவறினால் மாற்று வேலையும் கிடையாது என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறது. இரண்டு வருஷப் படிப்பும் அப்பாவின் கடனும் அந்த அறையில் முடிந்துவிடும்.

சரி, யாரும் கண்டுபிடிக்கவில்லை, வேலை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அங்கேதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. இந்த லென்ஸ் வேலை செய்ய, தினமும் ஏழெட்டு மணி நேரம் கண்ணை மூடித் தூங்க வேண்டும். லோகோ பைலட்டுக்கு எந்த ராத்திரி அப்படி வாய்க்கும்? இன்று மாலை டூட்டி, நாளை நள்ளிரவு, மறுநாள் விடிகாலை. விழுப்புரம் ரன்னிங் ரூம் என்ற ஓட்டுநர் ஓய்வறையில் மூன்று மணி நேரத் தூக்கம். லென்ஸ் அணிந்தவருக்குக் காலையில் இருந்த பார்வை அதே நாள் மாலைக்குள்ளேயே சிறிது பின்வாங்கும். ஒரு ராத்திரி விட்டால் பவர் நன்றாகவே திரும்பத் தொடங்கும். அந்த நேரத்தில் பழைய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா என்றால், அதுவும் பொருந்தாது. மைனஸ் 4 கண்ணாடி கையில் இருக்கும். கண்ணோ அப்போது மைனஸ் 1.5-ல் நிற்கும், சாயங்காலம் 2 ஆகும், மறுநாள் 3 ஆகும். எந்தக் கண்ணாடியைப் போடுவது? பணியில் சேர்ந்தபின் கண்ணாடி அணிய நேர்ந்த லோகோ பைலட் இரண்டு ஜோடி வைத்திருக்க வேண்டும் என்று ரயில்வே விதி வைத்திருக்கிறது. ஒன்று உடைந்தால் இன்னொன்று வேண்டும் என்று யாரோ நினைத்துப் பார்த்து எழுதிய விதி அது. தூங்காத இரவுக்கு மாற்று ஜோடி எங்கே வாங்குவது என்று கட்டுரையாளர் சொல்லட்டும். மணிக்கு 110 கிலோமீட்டரில் ஒரு வினாடிக்கு 30 மீட்டர் ஓடிவிடும். சிக்னலை ஐந்து வினாடி தாமதமாகத் தெரிந்துகொண்டால் 150 மீட்டர் போயாகிவிட்டது.

ஒரே கட்டுரையில் இதை நிரந்தரத் தீர்வு என்கிறார். இரண்டு பத்தி தள்ளி, பிடிக்காவிட்டால் நிறுத்தினால் கண் பழையபடி ஆகிவிடும் என்கிறார். இரண்டில் எது? நிறுத்தினால் திரும்பிவிடும் என்பதுதான் சரி. அது இந்த லென்ஸின் நல்ல குணம். அந்த நல்ல குணத்தாலேயே இது நிரந்தரத் தீர்வு ஆக முடியாது.

குழாய்த் தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. நீரையே சிவனாக வணங்கும் திருவானைக்காவலில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தண்ணீர் என்றால் சுத்தம் என்றே மனம் சொல்லும். ஆனால் குழாய், மேல்தொட்டி, மண் எல்லாவற்றிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் வாழ்கிறது. லென்ஸைத் தொற்றிக்கொண்டு கண்ணுக்குள் போனால் கருவிழியைத் தின்னும். மருந்துக்கு எளிதில் அடங்காது. மாதக் கணக்கில் வலி, மிஞ்சினால் கருவிழி மாற்று அறுவை. இரவு லென்ஸால் வந்த முதல் 50 தொற்றுகளை 2005-ல் வாட்டும் ஸ்வார்பிரிக்கும் தொகுத்தார்கள். பெரும்பாலும் கிழக்காசியப் பிள்ளைகள். ஏறத்தாழ 30 விழுக்காடு அகந்தமீபா. நம் நாட்டிலோ லென்ஸே போடாதவர்களுக்கும் இது வருவதை ஹைதராபாத், திருநெல்வேலி மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கருவிழிப் புண் நமக்குப் புதிதா? 1990-களில் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கு, ஆண்டுக்கு லட்சத்துக்கு 113 பேர். வளர்த்துப் பார்த்துக் கிருமி தெரிந்தவற்றில் பாதிக்கு நெருக்கமானவை பூஞ்சை. இந்தச் சூழலில் குழாயில் அலசினால் போதும் என்று அச்சில் போடுவதற்குப் பெயர் அறியாமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

கண்ணாடியோடு ஒப்பிட்டால் இது அதைப் போலவே பாதுகாப்பு என்றும் எழுதியிருக்கிறார். கண்ணாடி யாருக்கும் கருவிழித் தொற்றைக் கொடுத்ததில்லை. பகலில் மட்டும் போடும் மென்லென்ஸில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 4 பேருக்கும், தூங்கும்போதும் போடும் மென்லென்ஸில் 21 பேருக்கும் தொற்று வருவதாக 1989-ல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. இரவு லென்ஸ் போடும் பிள்ளைகளுக்கு அந்த எண் 14 என்று 2013-ல் புல்லிமோர் குழு கணக்கிட்டது. குறைவான எண்தான். முறையாகப் பொருத்திக்கொண்டவர்களிடம் கிடைத்த எண் அது. ரன்னிங் ரூம் வாஷ்பேசினில் அலசுகிறவர்களுக்குப் பொருந்தாது.

அவருடைய வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். பணியில் சேர்ந்தபின் கண்பார்வை குறைந்தால் கண்ணாடி அணிந்து ஓட்ட ரயில்வே அனுமதிக்கிறது. அப்படியிருக்க, சேரும்போது மட்டும் மைனஸ் 1 உள்ளவனைக்கூட வெளியே தள்ளுவது ஏன் என்று ரயில்வே குடியிருப்பான பொன்மலையில் எத்தனையோ குடும்பங்கள் கேட்கின்றன. 2024 அறிவிப்பில் 18,799 இடங்கள். அத்தனை இடத்தில் ஒன்றுக்குக் கண்ணாடி தடையா என்ற ஆற்றாமை எனக்கும் புரிகிறது. அந்த விதியோடு சண்டை போட வேண்டும் என்றால் வெளிப்படையாகப் போடட்டும். தொழிற்சங்கம் இருக்கிறது, நாடாளுமன்ற உறுப்பினர் இருக்கிறார், நீதிமன்றம் இருக்கிறது. கண்ணாடியோடு நன்றாகத் தெரியும் பையனை எடுங்கள் என்று கேட்பதில் அறம் உண்டு. கண்ணாடியால் கிடைக்கும் பார்வையைவிட மோசமான இரவுப் பார்வையை அவன் கண்ணில் செய்து வைத்து, அதை மறைத்து உள்ளே அனுப்புவதில் என்ன அறம் இருக்கிறது? அந்தப் பையனுக்கே அது துரோகம். கண்ணாடியோடு அவன் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த லென்ஸ் உண்மையில் யாருக்குப் பயன்படும் என்பதை அவர் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதுதான் எனக்கு மிக வருத்தம். வேகமாகப் பவர் ஏறிக்கொண்டிருக்கும் எட்டு, பத்து வயதுக் குழந்தைகளுக்கு இது உதவும். ஹாங்காங்கில் பாலின் சோவும் சுங்கும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டில் கண்ணாடிக் குழந்தைகளின் கண் 0.63 மில்லிமீட்டர் நீண்டது, இரவு லென்ஸ் குழந்தைகளுக்கு 0.36 மட்டுமே. 43 விழுக்காடு மெதுவாக. பிற்காலத்தில் விழித்திரை கிழிவதற்கான வாய்ப்பைக் குறைக்கக் கூடியது இது. அதற்காக இரவு வெளிச்ச வளையத்தைச் சகித்துக்கொள்ளலாமா என்று பெற்றோரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம். பத்து வயதுக் குழந்தை ராத்திரி ரயில் ஓட்டப் போவதில்லை.

அந்த இதழின் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். குழாய்த் தண்ணீர் பற்றிய வரி தவறு என்று அடுத்த இதழின் முதல் பக்கத்தில் போடுங்கள். மற்ற வாதங்களைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கட்டுரையை நம்பி ஏற்கெனவே லென்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கு: லென்ஸைத் தண்ணீரில் காட்டாதீர்கள், அதற்கென்று உள்ள திரவத்தில் மட்டும் கழுவுங்கள், டப்பாவை மாதம் ஒரு முறை மாற்றுங்கள். பொருத்தியவரிடம் போய் டோப்போகிராஃபி படத்தைக் கேட்டு வாங்குங்கள். வட்டம் நடுவில் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். விளக்கைத் தணித்து, வெளிர் எழுத்துப் பலகையில் சோதிக்கச் சொல்லுங்கள். ராத்திரியில் பைக் ஓட்டுகிறவர்கள் காவிரிப் பாலத்தில் எதிர்விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள். லென்ஸையும் டப்பாவையும் அப்படியே கையில் எடுத்துக்கொண்டு அன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள். கிருமி எதுவென்று அறிய அவற்றையும் சோதிப்பார்கள்.